ரீடிங்காரரின் இருபத்தொரு பலகைகள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு மருந்துக்கடை வாசலில் பதினான்கு சைக்கிள்கள் நின்றன. ரீடிங்காரர் எதிர்ப்பக்க டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எண்ணினார். போன வாரம் பதினொன்று. அதற்கு முந்தின வாரம் ஒன்பது. எண்களைக் குறித்துக்கொள்வது அவருடைய தொழில்தான். ஆனால் இந்த எண்களை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

வந்தவர்கள் எல்லோரும் நகரத்து ஆட்கள். தலைக்கவசம், கறுப்புக் கண்ணாடி, உடம்போடு ஒட்டிய சட்டை. ஒருத்தி ஃபோனை உயரத் தூக்கி, கடையின் பெயர்ப்பலகையும் தெரிகிற மாதிரி எல்லோரையும் சேர்த்துப் படம் எடுத்தாள். நடுவில் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு மருந்துக்கடைக்காரர் நின்றார். ரீடிங்காரருடைய தங்கையின் புருஷன்.

கடைசியாக வந்து சேர்ந்த ஒருவர் டீக்கடைப் பக்கம் திரும்பி, "மருந்துக்கடை வட்டம் இங்கதானே ஆரம்பிக்குது?" என்று கேட்டார்.

"மஞ்சளா நிக்கிறாரு பாருங்க, அங்கதான்," என்றார் டீக்கடைக்காரர். பிறகு பெஞ்சைப் பார்த்தார். "என்ன ரீடிங்கார், டீ ஆறிப்போச்சே?"

"எனக்கு ஆறின டீதான் பிடிக்கும்."

"அதுவும் சரிதான். வயிறு எரியும்போது சூடா எதுவும் குடிக்கக்கூடாது."

ரீடிங்காரர் ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்து போனார்.

மின் அலுவலகத்தில் அவருடைய வேலைக்கு நீளமான பெயர் ஒன்று இருக்கிறது. வீடு வீடாகப் போய் "ரீடிங்" என்று கதவைத் தட்டி இருபத்தாறு வருஷம் ஆனதில், ஊர் அதைச் சுருக்கி ரீடிங்காரர் ஆக்கிவிட்டது. வயது ஐம்பத்துமூன்று. மெலிந்த உடம்பு, கெட்டியான கெண்டைக்கால். காலை எட்டேகால் பஸ்ஸில் ஏறுவார், கூரையில் அவர் சைக்கிள் ஏறும். பஸ் நெடுஞ்சாலையில் சுற்றிக்கொண்டு போய் அவரைக் கணவாயின் உச்சியில் இறக்கிவிடும். அங்கிருந்து பழைய சாலையில், பதினோரு கொண்டை ஊசி வளைவுகளில், ஒவ்வொரு வீடாக மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஆற்றுப் பாலத்துக்கு இறங்குவார். பிறகு ஆற்றோரமாக ஆறு சிற்றூர்கள். கடைசியில் கழுதை மேடு என்கிற செங்குத்தான மேட்டில் ஏறி, நான்கு மணிக்கு வீடு. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு மீட்டர்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஆற்றோரத்தில் ஒரு கணவனும் மனைவியும் சைக்கிளோடு வழி தெரியாமல் நின்றார்கள். எந்தப் பக்கம் போகலாம் என்று கணவனும், போன தடவையும் நீ இப்படித்தான் சொன்னாய் என்று மனைவியும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ரீடிங்காரர் பையிலிருந்து பழைய மீட்டர் அட்டை ஒன்றை எடுத்து, பின்பக்கம் ஒரு கோடு போட்டுக் கொடுத்தார். வரைபடம் அல்ல. மேலிருந்து கீழே ஒரே கோடு. திரும்ப வேண்டிய இடங்களில் சின்னக் கொம்பு. குடிதண்ணீர் கிடைக்கும் இடத்தில் ஒரு புள்ளி, நாய் உள்ள வீட்டுக்கு இரண்டு புள்ளி. ஏற்றம் வரும் இடத்தில் மூன்று சொற்களில் ஒன்று: பேச்சு, முனகல், மௌனம்.

அந்த மூன்று சொல்லும் அவரே கண்டுபிடித்த அளவுகோல். ஏறும்போது வரிசையாகக் கதவு எண்களைச் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பார். ஒரு மூச்சில் ஏழு எண் வந்தால் அது பேச்சு. மூன்று வந்தால் முனகல். ஒன்றுகூட வராவிட்டால் மௌனம். கழுதை மேடு மௌனம்.

அட்டை பரவியது. நகரத்திலிருந்து கேட்டு வந்தார்கள். தையல்கடை வைத்திருந்த அவர் மனைவி, ஹேண்டில்பாரில் கட்டிக்கொள்ள பிளாஸ்டிக் உறை தைத்துக் கொடுத்தாள். மழைக்காலம் தவிர மற்ற ஞாயிறுகளில் அவர்கள் வீட்டு வாசலில் சைக்கிள்கள் நின்ற காலம் அது. "ஐயா, மௌனம்னு போட்டீங்களே, உயிர் போயிடுச்சு!" என்று சிரித்துக்கொண்டே திரும்பி வந்து சொல்வார்கள். அதைக் கேட்பதற்காகவே அவர் ஞாயிறு மாலையில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மருந்துக்கடைக்காரருக்குச் சர்க்கரை வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்தால் வழியில் எல்லோரும் நிறுத்தி மாத்திரை கேட்கிறார்கள் என்று சைக்கிள் வாங்கினார். ஒரு விரலில் தூக்கலாம். கடை வாசலில் இருக்கும் எடை மெஷினில் ஏற்றிக் காட்டினார்: ஏழரைக் கிலோ. அவர் சாப்பிடப் போயிருந்த ஒரு மதியம் ரீடிங்காரர் தன் சைக்கிளைக் கொண்டுபோய் அதே மெஷினில் தூக்கி வைத்தார். இருபத்தொன்று.

கல்லாவில் இருந்த தங்கை எட்டிப் பார்த்தாள். "அண்ணே, சைக்கிளுக்கு என்ன உடம்பு சரியில்லையா?"

"மெஷின் சரியா காட்டுதான்னு பார்த்தேன்."

மாப்பிள்ளையின் ஃபோன் வழியைத் தானே பேசும். நூறு மீட்டர் போனால் எத்தனை மீட்டர் ஏறுகிறோம் என்று சதவீதம் சொல்லும். அவர் ஒரு பாதை போட்டார். ஆற்றுப் பாலம் வரை நேர்சாலை, பதினோரு வளைவு ஏற்றம், உச்சி, நெடுஞ்சாலையில் சர்ரென்று இறங்கினால் திரும்பவும் மருந்துக்கடை. ஆறு சிற்றூரும் இல்லை, கழுதை மேடும் இல்லை. யாரோ அதற்கு மருந்துக்கடை வட்டம் என்று பெயர் வைத்து இணையத்தில் ஏற்றினார்கள். இந்த வருஷம் இதுவரை ரீடிங்காரரிடம் அட்டை கேட்டு வந்தவர்கள் நான்கு பேர். அதில் ஒருவர் ஃபோனில் சார்ஜ் தீர்ந்து வந்தவர். அரைமணி நேரம் சார்ஜ் போட்டுக்கொண்டு, அட்டையை மறந்து வைத்துவிட்டுப் போனார்.

இந்த நேரத்தில்தான் ரோடு ஆபீஸ் ஓவர்சியரம்மா ஒரு செய்தி சொன்னார். சைக்கிள்காரர்களுக்காக நிரந்தரமாக வழிகாட்டிப் பலகைகள் வைக்க மேலிடம் அனுமதித்திருக்கிறது. இருபத்திரண்டு பலகை, ஒரே ஒரு பாதை. எந்தப் பாதை என்று அவரே ஓட்டிப் பார்த்து முடிவு செய்வார். சனிக்கிழமை ரீடிங்காரருடையது, ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடைக்காரருடையது. அதற்கு முந்தின திங்கட்கிழமைக்குள் இருவரும் பாதையை எழுதிக் கொடுக்க வேண்டும்.

இரும்புக் கம்பத்தில் நட்ட பலகை. சார்ஜ் தீராது. இனி எவன் வந்தாலும் தன் வழியில்தான் திரும்பியாக வேண்டும். ரீடிங்காரருக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

அந்த வார இறுதியில் தங்கை வீட்டில் மதியச் சாப்பாடு. மாப்பிள்ளை தன் தட்டில் பாதி வயிற்றுக்கு மட்டும் போட்டுக்கொண்டார். தங்கை அதைப் பெருமையாகக் காட்டினாள். "பாருண்ணே, மூணு வருஷத்துல பதினோரு கிலோ குறைச்சிட்டாரு. அண்ணி, நீங்களும் அண்ணன ஓட்டச் சொல்லுங்க."

"உங்கண்ணன் இருபத்தாறு வருஷமா ஓட்டுறாருடி," என்றாள் ரீடிங்காரர் மனைவி.

"அது வேலைக்கு ஓட்டுறது, அண்ணி. இது ஓட்டுறதுக்கே ஓட்டுறது."

மாப்பிள்ளை சமாதானமாகப் பேசுவதாக நினைத்து வாயைத் திறந்தார். "மச்சானோட வட்டம் நல்ல வட்டம்தான். என்ன, பஸ்ல ஏறிப் போயி உருண்டு வர்றது. வயசானவங்களுக்கு ரொம்ப சௌகரியம்."

ரீடிங்காரர் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மேஜையில் புதிய அட்டையை வைத்தார். ஒன்பது வருஷமாக ஒரே திசையில் போட்டுவந்த வட்டத்தைத் திருப்பிப் போட்டார். பஸ் கிடையாது. முதலில் கழுதை மேட்டில் இறக்கம், ஆற்றோரம், பாலம். பிறகு பதினோரு வளைவும் ஏற்றம். மாப்பிள்ளை ஏறுகிற அதே கணவாய், ஆனால் பாதை இன்னும் நீளம்.

வளைவுகளுக்குப் பக்கத்தில் சொல் போட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். கீழ் ஏழு வளைவுகளில் அவர் பிரேக்கைத் தொட்டதே இல்லை, சாலை நீளநீளமாகப் போகும். மேலே உள்ள நான்கில்தான் பிடித்துப் பிடித்து இறங்க வேண்டும். பிரேக் கேட்காத இடத்தில் என்ன பெரிய ஏற்றம்? கீழ் ஏழுக்குப் பேச்சு என்று எழுதினார். மேல் நான்குக்கு முனகல். திங்கட்கிழமை காலை ரோடு ஆபீஸ் திறந்ததும் முதல் ஆளாகக் கொடுத்தார். மேஜையில் ஏற்கெனவே மாப்பிள்ளையின் தாள் இருந்தது. தலைகீழாக இருந்தாலும் படித்தார். 'கணவாய்: நான்கு கிலோமீட்டர், சராசரி ஒன்பது சதவீதம்.'

ஒன்பது சதவீதமாம். கழுதை மேடே பத்துதான் என்று மாப்பிள்ளையின் ஃபோன் ஒருமுறை சொன்னது. அளந்து காட்டினால் பொய் வெளியே வரும். புதன்கிழமை லீவு போட்டார்.

மனைவியிடம், "சும்மா ஒரு சுத்து," என்றார்.

"லீவு போட்டுட்டு வேலை பார்க்கிற ரோட்டுக்கே போறீங்களா?"

"கீழேயிருந்து பார்த்தா வேற மாதிரி இருக்கும்."

இருந்தது. பாலத்தைத் தாண்டி முதல் வளைவு வருவதற்குள் கதவு எண்களை ஆரம்பித்தார். "நூத்தி நாப்பது, நூத்தி முப்பத்தொம்பது, நூத்தி..." மூச்சு முடிந்தது. சைக்கிளில் ஏதோ உரசுகிறது என்று இறங்கிப் பார்த்தார். எதுவும் உரசவில்லை. மறுபடி ஏறினார். இரண்டாவது வளைவுக்குப் பிறகு ஒரு எண் வந்தது, பாதி. நீளநீளமாகப் போகிற அந்தச் சாலை, இறங்கும்போது காலை நீட்டிக்கொண்டு பாட்டுப் பாடின சாலை, இப்போது முடிவதாகவே தெரியவில்லை. வளைவு வந்தாலாவது கொஞ்சம் சமதளம் கிடைக்கும். அங்கே வளைவே வரவில்லை. மூன்றாவது வளைவில் காலை ஊன்றிவிட்டார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்.

நூற்று முப்பத்தாறாம் எண் வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாள் இடுப்பில் கை வைத்து நின்றாள். "என்ன ரீடிங்கார், கீழேயிருந்து வர்றீங்க? இன்னைக்கு கரண்டு தலைகீழா ஓடுதா?"

"இன்னைக்கு லீவும்மா."

"லீவு நாள்ல சைக்கிளையும் நடக்கவிட்டுக் கூட்டிட்டுப் போறீங்களாக்கும்."

அவர் தலையை ஆட்டிவிட்டுச் சைக்கிளைத் தள்ளினார். அந்த நேரத்தில் மேல் வளைவிலிருந்து ஒரு மஞ்சள் சட்டை இறங்கி வந்தது. மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வருவார் என்று அவர் நினைத்திருந்தார். கடை பத்து மணிக்குத்தான் திறக்கும், அதற்கு முன்னால் புதன்கிழமையும் ஒரு தடவை ஏறி இறங்குவார் என்பது தெரியாது. திரும்பி இறங்கிவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தார். அதற்குள் மாப்பிள்ளை பிரேக் போட்டு நின்றுவிட்டார்.

"மச்சான்?"

"பஞ்சர்," என்றார் ரீடிங்காரர்.

மாப்பிள்ளை இரண்டு டயரையும் பார்த்தார். இரண்டும் கல் மாதிரி நின்றன. தண்ணீர் பாட்டிலை நீட்டினார். ரீடிங்காரர் வாங்கவில்லை. தன் பையிலிருந்த பாட்டிலை எடுத்தார், அது காலி. வாங்கிக் குடித்தார்.

"எனக்கும் இதே எடத்துல மூணு மாசம் பஞ்சராச்சு மச்சான்," என்றார் மாப்பிள்ளை. "உங்க தங்கச்சிகிட்ட அப்படித்தான் சொல்லுவேன். பாவம், நம்பிட்டா."

"ஒன்பது சதவீதம்னு போட்டிருக்கியே, நெசமாவா?"

"சராசரிதான். இந்த எடம் பதினொண்ணு. வளைவுல கம்மி, நடுவுலதான் கொல்லும்." மாப்பிள்ளை கீழே சாலையைப் பார்த்தார். "உங்க அட்டையில இந்த எடத்துக்கு என்ன மச்சான் போட்டிருக்கீங்க?"

ரீடிங்காரர் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார். "ஏதோ போட்டிருக்கேன்."

"நீங்க போட்டா சரியாத்தான் இருக்கும். கழுதை மேட்டுல மௌனம்னு போட்டீங்கல்ல? அங்க ஒரு வார்த்தையாவது பேசிக் காட்டணும்னு ரெண்டு வருஷமா முயற்சி பண்றேன். ஃபோனு பத்துங்குது, ஏறிடலாம்னு தோணுது. வாயத் திறந்தா காத்துதான் வருது. உங்க அட்டை பொய்யே சொல்லாது மச்சான். அதான் எனக்குக் கடுப்பு."

சொல்லிவிட்டு மாப்பிள்ளை ஏழரைக் கிலோவில் ஏறி, சத்தமே இல்லாமல் இறங்கிப் போனார். ரீடிங்காரருக்கு அந்தப் பாராட்டு கண்ணில் விழுந்த தூசு மாதிரி இருந்தது. மாப்பிள்ளை திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். ரீடிங்காரர் உச்சி வரை போகவில்லை. நான்காவது வளைவையும் தள்ளியே கடந்து, அங்கே இருந்த கிலோமீட்டர் கல்லில் உட்கார்ந்துகொண்டார்.

சனிக்கிழமை ஓவர்சியரம்மா அந்த அட்டையை ஹேண்டில்பாரில் கட்டிக்கொண்டு, பேச்சு என்று நம்பி இங்கே வருவார். ஒரு சொல் பொய் என்று தெரிந்தால் மற்ற எல்லாச் சொல்லும் போச்சு. மாற்ற வேண்டுமென்றால் மாப்பிள்ளையின் ஒன்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டில் எது அதிகம் வலிக்கும் என்று அவர் வெகுநேரம் உட்கார்ந்து பார்த்தார்.

வியாழக்கிழமை வேலைக்குப் போகிற வழியில் ரோடு ஆபீஸுக்குள் நுழைந்தார். ஓவர்சியரம்மா ஐம்பதைத் தொட்டவர். வலது முழங்காலில் துணிக்கட்டு. சுவரில் சாய்த்திருந்த அவருடைய சைக்கிளில் தார் தெளித்திருந்தது.

"அட்டையைத் திருப்பிக் குடுங்கம்மா."

"ஏன், போட்டியிலேர்ந்து விலகுறீங்களா?"

"ஒரு சொல்லு தப்பா இருக்கு." ரீடிங்காரர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அந்தக் கணவாய நான் ஏறினதே இல்லம்மா."

ஓவர்சியரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "இருபத்தாறு வருஷமா தினம் அங்கதானே இருக்கீங்க?"

"இறங்கியிருக்கேன். ஏத்திவிடுறது பஸ்ஸு."

அவர் சிரிப்பார் என்று ரீடிங்காரர் காத்திருந்தார். ஓவர்சியரம்மா இழுப்பறையைத் திறந்து நான்கைந்து கடுதாசிகளை எடுத்து மேஜையில் போட்டார். "இதெல்லாம் புகார். கணவாயில பாதி வழியில மயங்கி உட்கார்ந்தவங்க. ரோடு சரியில்லையாம். ரோடு என்ன பண்ணும், அது இருந்த எடத்துலதானே இருக்கு? சரி, சொல்லுங்க. அந்த பஸ்ஸு எத்தனை மணிக்கு? சைக்கிள ஏத்துவாங்களா?"

"எட்டேகால். கூரையில ஆறு சைக்கிள் நிக்கும். கண்டக்டர்கிட்ட நான் சொன்னதா சொல்லுங்க."

அங்கேயே நின்றபடி, ஒரு பழைய மீட்டர் அட்டையில், தன் வட்டத்தைத் தான் ஓட்டின திசையிலேயே போட்டுக் கொடுத்தார். பத்து நிமிஷம்தான் ஆயிற்று. ஒரு இடத்திலும் கண்ணை மூடி யோசிக்கவில்லை. கடைசியில் கழுதை மேட்டுக்குப் பக்கத்தில் மௌனம் என்று எழுதும்போது கொஞ்சம் அழுத்தியே எழுதினார்.

ஓவர்சியரம்மா சனிக்கிழமை பஸ்ஸில் ஏறினார், உச்சியிலிருந்து இறங்கினார், ஆறு சிற்றூரையும் பார்த்தார், கழுதை மேட்டில் வாயைத் திறக்காமல் வந்து சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் பாதையில் போய், மூன்றாவது வளைவில் இறங்கித் தள்ளினார். செவ்வாய்க்கிழமை முடிவைச் சொன்னார்.

"நாலு பேரு போகக்கூடிய பாதைக்குத்தான் பலகை. அது ரீடிங்காரர் பாதை," என்றார். ரீடிங்காரருக்கு நெஞ்சு நிறைந்து, அது அடங்குவதற்குள் அடுத்த வாக்கியம் வந்தது. "ஆனா இருபத்தொண்ணுதான் அதுக்கு. ஒண்ணு பாலத்துகிட்ட வேணும். தெரியாம ஏறுறவங்களுக்கு. அதுல மருந்துக்கடைக்காரர் சொன்ன அளவைப் போட்டுடலாம்."

"அந்தப் பலகையில மௌனம்னு போடலாமேம்மா," என்றார் ரீடிங்காரர்.

"மலையடிவாரத்துல மௌனம்னு பலகை வச்சா, யாரோ செத்துட்டாங்கன்னு நெனச்சிட்டுத் திரும்பிப் போயிடுவாங்க."

பலகைகள் ஒரு மாதத்தில் வந்தன. ரீடிங்காரருடைய இருபத்தொன்றும் முழ நீளம், ஒரு சைக்கிள் படம், ஒரு அம்புக்குறி. பாலத்தடியில் இருப்பது ஆள் உயரம். மலையின் பக்கவாட்டுத் தோற்றம் சிவப்பில் வரைந்து, பதினோரு வளைவும் போட்டு, நடுவில் பெரிய எழுத்தில் ஒன்பது சதவீதம்.

அடுத்த ஞாயிறு எட்டேகால் பஸ்ஸின் கூரையில் ஆறு சைக்கிள்கள் இருந்தன. அவர் எண்ணினார். அவர்கள் உச்சியில் இறங்கி, அம்புக்குறியைப் பார்த்து, திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பி, ஒருவர்கூட வழி தவறாமல் போனார்கள். ஒருவர்கூட ஒரு பலகையின் முன்னாலும் நிற்கவில்லை. பாலத்துக்கு வந்ததும் ஆறு பேரும் இறங்கினார்கள். சிவப்பு மலையின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று படம் எடுத்தார்கள். அந்த மலையில் அவர்கள் ஏறப்போவதே இல்லை, ஆனாலும் எடுத்தார்கள். அங்கே ஏற்கெனவே மருந்துக்கடையிலிருந்து வந்த ஒன்பது பேர் முறை வைத்து நின்றார்கள்.

"இருபத்தொண்ணு கெடச்சும் உங்க மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்றாள் மனைவி.

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்."

அதற்குப் பிறகு மாதத்தில் ஒரு புதன்கிழமை அவர் லீவு போட ஆரம்பித்தார். மாப்பிள்ளை கடை திறந்துவிட்டாரா என்று முதலில் பார்த்துக்கொண்டு, பத்தேகாலுக்குக் கிளம்புவார். சிவப்புப் பலகையைப் பார்க்காமல் தாண்டி, கதவு எண்களை ஆரம்பிப்பார். முதல் தடவை மூன்றாவது வளைவு. போன மாதம் ஐந்தாவது வளைவு வரைக்கும் காலை ஊன்றவில்லை, அதில் இரண்டு எண்ணும் வந்தது. அதற்கு மேல் தள்ளல்தான். நூற்று முப்பத்தாறாம் வீட்டு அம்மாள் இப்போதெல்லாம் ஒன்றும் கேட்பதில்லை, ஒரு சொம்பு தண்ணீரை மதில்மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.

போன புதன்கிழமை இரண்டு மணிக்கு வீடு திரும்பினார். மனைவி தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கி, புழுதி படிந்த செருப்பையும் நனைந்த சட்டையையும் பார்த்தாள்.

"நடந்தா வந்தீங்க?"

"பஞ்சர்."

அவள் எழுந்து வாசலுக்கு வந்து, முன் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். பின் டயரையும் பார்த்தாள். பிறகு உள்ளே போய் மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.

"உங்க தங்கச்சி வீட்டுலயும் மூணு மாசம் இப்படித்தான் பஞ்சராச்சாம்," என்றாள்.

ரீடிங்காரர் செருப்பைக் கழற்றினார். அதைச் சுவரோரம் வைத்துவிட்டு, "மூணு மாசம்தானா?" என்று கேட்டார்.